மூன்று கடை, மூன்று பிரதி: சொந்த மென்பொருள் விற்கும் வாசகருக்கு

வாசகர் கடிதம்:

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். வயது 29. மென்பொருள் கம்பனி ஒன்றில் மாதம் 180,000 ரூபா சம்பளம். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் என் மாமாவுக்காக, பில் போடவும் ஸ்டொக் பார்க்கவும் விண்டோஸில் ஓடும் மென்பொருள் ஒன்றை ஓய்வு நேரத்தில் எழுதினேன். தரவுத்தளம் எஸ்கியூலைட். அதைப் பார்த்து இன்னும் இரண்டு கடைக்காரர் கேட்டார்கள். மூவரிடமும் ஆளுக்கு 25,000 ரூபா வாங்கினேன். அவரவர் கேட்டபடி மாற்றிக் கொடுத்ததில் இப்போது மூன்று கடையிலும் மூன்று விதமாக ஓடுகிறது. ஒவ்வொரு கடையிலிருந்தும் வாரம் மூன்று தடவையாவது போன் வருகிறது. ஒருவர் என்னிடம் சொல்லாமல் தன் இரண்டாவது கடைக்கும் பிரதி எடுத்துப் போட்டுவிட்டார். போன வாரம் மின்சாரம் போய் வந்தபோது மாமாவின் கணினியில் பவர் சப்ளை எரிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தரவுக் கோப்பை எடுத்துப் புதுக் கணினியில் போட்டேன். அன்று பின்னேரம் போட்ட 40 பில்லைக் காணவில்லை. பேஸ்புக் விளம்பரத்துக்கு 18,000 ரூபா கட்டினேன். லைக் வந்தது, வாங்க ஒருவரும் வரவில்லை. டொரொன்டோவில் இருக்கும் சித்தப்பா அங்குள்ள தமிழ்க் கடைகளுக்கு விற்கலாம் என்கிறார். தமிழில் பில் அடிப்பதற்காக எழுத்தைப் படமாக்கி பிரிண்டருக்கு அனுப்பும் பகுதிக்கே இரண்டு மாதம் போனது. என்ன விலை வைப்பது? திருட்டுப் பிரதியை எப்படித் தடுப்பது? வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?

பதில்:

முதலில் அந்த 40 பில். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், இதற்குத்தான் அவசரம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யாரும் அழித்துவிடாமல் எடுத்து வையுங்கள். உங்கள் பில்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

எஸ்கியூலைட்டில் ‘முன்கூட்டி எழுதும் பதிவேடு’ என்றொரு முறை உண்டு. நீங்கள் கேட்காமலே அதைப் போட்டுவிடும் நிரல் நூலகங்களும் இருக்கின்றன. அந்த முறையில் புதுப் பதிவுகள் உடனே முதன்மைக் கோப்புக்குப் போவதில்லை. பக்கத்திலேயே, அதே பெயரின் முடிவில் டபிள்யூ-ஏ-எல் என்ற எழுத்துகளோடு இருக்கும் இன்னொரு கோப்பில் சேருகின்றன. அந்தக் கோப்பு 1,000 பக்கத்தை, அதாவது வழக்கமான அளவில் சுமார் 4 மெகாபைட்டை எட்டும்போது, அல்லது மென்பொருளை ஒழுங்காக மூடும்போதுதான் உள்ளே இருப்பவை முதன்மைக் கோப்புக்கு மாறும். ஒரு பின்னேரத்தின் 40 பில் அந்த அளவை எட்டாமலே இருந்திருக்கலாம். மின்சாரம் போனதால் மென்பொருள் ஒழுங்காக மூடவும் இல்லை. நீங்கள் முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்து வந்தீர்கள். பில்கள் பக்கத்துக் கோப்பில் நின்றுவிட்டன.

டிஸ்க்கை இன்னொரு கணினியில் இணைத்து, அந்த இரண்டு கோப்பையும் பெயர் மாற்றாமல் ஒரே கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். மூலத்தைத் திறக்காதீர்கள், பிரதியை மட்டும் திறந்து பில்களை எண்ணிப் பாருங்கள். கிடைத்தால் அந்தக் கோப்பை அப்படியே புதுக் கணினியில் போட்டுவிடாதீர்கள். இந்த ஒரு வாரத்து விற்பனை அழிந்துவிடும். 40 பில்லையும் தனியாக ஏற்றுமதி செய்து புதுத் தரவுத்தளத்தில் சேருங்கள். சேர்க்கும்போது ஒரு சிக்கல் வரும். புதுக் கணினி பழைய இலக்கத்திலிருந்தே தொடர்ந்திருக்கும், ஆகவே அந்த 40 இலக்கமும் வேறு வாடிக்கையாளருக்கு இரண்டாம் தடவை போயிருக்கும். மீட்ட பில்களுக்கு அதே இலக்கத்தோடு ‘அ’ என்று சேர்த்துப் பதிந்து, கடைக்கு ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுங்கள். ஸ்டொக்கும் கடன் நிலுவையும் அப்போதுதான் நேராகும்.

இனி இது நடக்கக் கூடாது. கோப்பைக் கையால் பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டு, கடை அடைக்கும்போது மென்பொருளே ‘வெக்யூம் இன்டு’ கட்டளையால் முழுப் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எழுதட்டும். கடைசி 14 நாள் பிரதிகள் இருக்கட்டும். எஸ்கியூலைட்டின் ‘சின்க்ரனஸ்’ அமைப்பை ‘ஃபுல்’ என்று வையுங்கள். ‘நோர்மல்’ என்று இருந்தால் மின்சாரம் போகும்போது கோப்பு கெடாது, ஆனால் கடைசியாகப் போட்ட சில பில் போய்விடலாம். மாதம் ஒரு தடவை பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது. கடைக்கு ஒரு யூபிஎஸ் வாங்கச் சொல்லுங்கள். கணினியும் பில் பிரிண்டரும் மட்டும் அதில் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை அதில் செருகினால் அது சூடாகும் நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஓர் எண் இருக்கிறது: ஒரு கடைக்கு வாரத்தில் உங்களுக்கு எத்தனை நிமிடம் போகிறது? விலையும், வேலையை விடலாமா என்பதும், டொரொன்டோவும் அதைப் பார்த்துத்தான் தீர வேண்டியவை.

கணக்கைப் பாருங்கள். வாரம் மூன்று போன், ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று வைத்தால் கடைக்கு வாரம் ஒரு மணித்தியாலம், வருடத்துக்கு 52. மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் என்று பார்த்தால் உங்கள் சம்பளம் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1,020 ரூபா. 52 மணித்தியாலம் என்றால் 53,000 ரூபா. நீங்கள் வாங்கியது 25,000. முதல் வருடமே கடைக்கு 28,000 ரூபா உங்கள் கையிலிருந்து போகிறது. இரண்டாம் வருடம் 53,000மும் போகும். இந்த நிலையில் பத்துக் கடை கூடினால் பத்து மடங்கு நட்டம் கூடும்.

ஆகவே இன்றே ஒரு கொப்பி எடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் திகதி, கடை, நிமிடம், காரணம் என்று நாலு விஷயம் எழுதுங்கள். நாலு வாரத்தில் ஐந்தாறு காரணம்தான் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். துணிக்கடைகளில் அடிக்கடி வரும் மூன்றைச் சொல்கிறேன்.

‘பிரிண்டர் அடிக்கவில்லை.’ கடையைக் கூட்டிப் பெருக்கும்போது யாரோ வயரைக் கழற்றி வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருப்பார்கள். விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று எண்ணி அதே பெயரில் இரண்டாவதாக ஒன்றை உருவாக்கும். உங்கள் மென்பொருள் பழையதையே தேடிக்கொண்டிருக்கும். அச்சடிப்பு தவறியதும் இணைந்திருக்கும் பிரிண்டர்களை அங்கேயே காட்டி, ஒரு பட்டனில் தெரிவுசெய்ய விடுங்கள். துளையின் மேல் ஒரு நிற ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள்.

‘பெயரைத் தேடினால் வரவில்லை.’ தமிழில் ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும், இப்படி இரு விதமாக எழுதியதை ஒன்றாக்கும் யுனிகோட்டின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் ‘ஸ்ரீ’ இதில் அடங்காது. அது ஸகரத்திலிருந்தும் வரும், 2005இல் யுனிகோட்டில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் வரும். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. நீங்களே ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டும். புறக்கோட்டையில் ஸ்ரீ என்று தொடங்கும் வாடிக்கையாளர் பெயர்கள் எத்தனை என்று நீங்களே அறிவீர்கள்.

‘பார்கோட் பிழையாக விழுகிறது.’ ஸ்கேனர் ஒரு கீபோர்ட் போலத்தான் எழுதுகிறது. கீபோர்ட் தமிழில் இருக்கும்போது ஆங்கில எழுத்துள்ள லேபிளை ஸ்கேன் செய்தால் தமிழ் எழுத்து விழும். கடைக்கென்று நீங்கள் அடிக்கும் லேபிள்களில் இலக்கம் மட்டும் இருக்கட்டும். பார்கோட் பெட்டிக்குள் போகும்போது மென்பொருளே ஆங்கிலத்துக்கு மாறட்டும்.

ஒவ்வொரு வாரமும் கொப்பியில் முதலிடத்தில் நிற்கும் காரணத்தை எடுத்துச் சரிசெய்யுங்கள். புது வசதி எதுவும் அதற்குப் பிறகுதான். கடைக்கு 60 நிமிடம் என்பதை 20 நிமிடத்துக்குக் கொண்டுவர முடியும். ஆனால் மூன்று பிரதி இருக்கும் வரை முடியாது, ஏனென்றால் எதையும் மூன்று தடவை சரிசெய்து மூன்று தடவை சோதிக்க வேண்டும்.

மூன்று பிரதி வந்தது உங்கள் பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று கடையும் உண்மையில் ஒரே தொழில் செய்கின்றனவா என்று பாருங்கள். ரோலிலிருந்து மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைக்கு மிஞ்சிய துண்டின் கணக்கு வேண்டும். ஆயத்த ஆடைக் கடைக்கு ஒரே சட்டையின் ஐந்து அளவும் நாலு நிறமும் 20 தனி ஸ்டொக். மொத்த வியாபாரிக்குக் கடனும் செக்கும்தான் உயிர். ஒருவராக இருந்து மூன்றையும் நன்றாகச் செய்ய முடியாது.

ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் மொத்த வியாபாரம் என்பேன். வெறும் பில் போடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. லோய்வேர்ஸ் போன்றதைப் போனில் இறக்கி அரை மணித்தியாலத்தில் பில் போடத் தொடங்கலாம். ஆனால் பின்திகதியிட்ட செக்கை, அதாவது பிறகு வரும் ஒரு நாளைத் திகதியாக எழுதிக் கொடுக்கும் செக்கை, புறக்கோட்டையில் கையாளுகிற மாதிரி அவை கையாளா. உங்கள் வேலையின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

செக் கைக்கு வந்த உடனேயே பில்லைத் ‘தீர்ந்தது’ என்று மூடிவிடும் மென்பொருள்தான் கடைக்காரருக்கு நட்டம் வைக்கிறது. செக்குக்கு ஐந்து நிலை வேண்டும்: கையில் உள்ளது, வங்கியில் போட்டது, பணமானது, திரும்பி வந்தது, வேறொருவருக்குக் கைமாற்றியது. கடைசி நிலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுத்த செக்கை முதலாளி தன் சப்ளையருக்குக் கொடுத்துவிடுவது அங்கே அன்றாட வழக்கம். அந்தச் செக் திரும்பினால் இரண்டு கணக்கு மாற வேண்டும்: வாடிக்கையாளர் நமக்குத் தர வேண்டியது கூடும், சப்ளையருக்கு நாம் கொடுக்க வேண்டியதும் கூடும். ஒன்றை மட்டும் மாற்றினால் மாத முடிவில் கணக்கு இடிக்கும். ஏன் என்று கணக்கப்பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. கடன் எல்லையைப் பார்க்கும்போதும் தீராத பில்லோடு பணமாகாத செக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் செக்குக்கு மேல் செக் கொடுத்துச் சரக்கு எடுத்துக்கொண்டே போவார், திரையில் அவருடைய நிலுவை பூச்சியமாகத் தெரியும்.

செக் இலக்கம் ஆறு, வங்கிக் குறியீடு நாலு, கிளைக் குறியீடு மூன்று என்று எண்ணிக்கையைச் சரிபாருங்கள். தட்டெழுத்துப் பிழை குறையும். செக்கின் திகதி சனி, ஞாயிறு, போயா, வங்கி விடுமுறை என்று விழுந்தால் அடுத்த வங்கி நாளுக்கு நகர்த்திக் காட்டுங்கள். அதற்கு விடுமுறைப் பட்டியலை ஒவ்வொரு வருடமும் நீங்கள் அனுப்ப வேண்டும். காலையில் மென்பொருளைத் திறந்ததும் ‘இன்று போட வேண்டிய செக்’, ‘நாளை நம் கணக்கில் இருக்க வேண்டிய தொகை’ என்ற இரண்டு வரி முதலாளியின் கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டு வரிக்காகவே அவர் வருடா வருடம் பணம் கட்டுவார்.

மற்றவர்கள் கேட்கும் மாற்றங்களை எப்படிக் கையாளுவது? மொத்த வியாபாரக் கடை எல்லாவற்றுக்கும் தேவையானது மென்பொருளுக்குள் வரட்டும். சிலருக்கு மட்டும் தேவையானது, அமைப்புப் பக்கத்தில் போட்டு அணைக்கக்கூடியதாக இருக்கட்டும். ஒரே ஒருவருக்குத் தேவையானால் எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும் வழியைக் காட்டிவிட்டு, முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கூடக் காசு தருகிறேன் என்றாலும் தனிப் பிரதி வேண்டாம். அந்தக் காசு ஒரு தடவை வரும். வேலை வருடக்கணக்கில் நிற்கும்.

வரி வீதத்தையும் அமைப்புப் பக்கத்தில், தொடங்கும் திகதியோடு வையுங்கள். வற் வரி 2022 ஜூன் 1இல் 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது, அதே வருடம் செப்டெம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18. வீதத்தை நிரலுக்குள் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கடை கடையாக ஓட வேண்டியிருந்திருக்கும். ஒவ்வொரு பில் வரியும் அது போட்ட நாளின் வீதத்தைத் தன்னோடு வைத்திருக்கட்டும். இல்லாவிட்டால் பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போது புது வீதம் விழும். பணத்தை தசமத்தில் வைக்காமல் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள்.

புது வெர்ஷனை எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். கடை அடைத்த பின் ஒரு கடையில் போட்டு, ஒரு வாரம் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு. தரவுத்தளத்தின் வெர்ஷன் இலக்கத்தை எஸ்கியூலைட்டின் ‘யூசர் வெர்ஷன்’ இடத்தில் வைத்து, மாற்றத்துக்கு முன் மென்பொருள் தானே பிரதி எடுக்கட்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாலு வாரம், தீபாவளிக்கு முந்திய நாலு வாரம், றமழான் மாதம், டிசம்பர் — இந்த நாட்களில் எதையும் மாற்றாதீர்கள், புதுக் கடைக்கும் போகாதீர்கள்.

விலைக்கு வருவோம். ஒரு தடவை விற்றுவிட்டு விடுவதை நிறுத்துங்கள். தொடக்கக் கட்டணம் 40,000 ரூபா, வருடப் பராமரிப்பு 48,000 ரூபா முன்பணமாக என்று நான் வைப்பேன். தொடக்கக் கட்டணத்தில் 1,000 பொருள் வரை பதிவதும், இரண்டு அரை நாள் பழக்குவதும் அடங்கட்டும். ஒரு பொருளைப் பதிய 30 விநாடி என்றாலும் 1,000 பொருளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அந்த வேலையை இலவசமாகக் கொடுத்தால் பட்டியல் பாதியில் நிற்கும், பட்டியல் பாதியில் நிற்கும் கடை மென்பொருளைக் கைவிடும். பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் யுனிகோட்டுக்கு மாற்றும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழைய மூவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரே வெர்ஷனுக்கு மாறச் சம்மதித்தால் ஒரு வருடப் பராமரிப்பு இலவசம், அதன் பிறகு பாதி விலை என்று திகதியோடு எழுத்தில் கொடுங்கள். உங்கள் மாமாவுக்கும் அதே கடிதம். மொத்த வியாபாரம் செய்யாத கடையை வருட முடிவில் வேறு மென்பொருளுக்கு மாற்றிவிட நீங்களே உதவுங்கள். ஒருவரை நல்லபடியாக அனுப்பிவைத்தால் அவர் உங்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்.

திருட்டுப் பிரதிக்கு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய பூட்டு வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இலக்கத்தோடு கட்டிப் போட்டால், டிஸ்க் பழுதாகி மாற்றும் அன்று நேர்மையான வாடிக்கையாளர்தான் இரவில் உங்களை எழுப்புவார். கடையின் பெயர், விலாசம், கிளை எண்ணிக்கை, முடியும் திகதி ஆகியவற்றை ஒரு சிறு உரிமக் கோப்பில் எழுதி, இடி25519 என்ற மின்னொப்ப முறையில் ஒப்பமிட்டுக் கொடுங்கள். தனிச்சாவி உங்களிடம் மட்டும், பொதுச்சாவி மென்பொருளுக்குள். இணையமே தேவையில்லை. பில்லின் தலைப்பில் வரும் கடைப் பெயரை அந்த உரிமத்திலிருந்தே அச்சடியுங்கள். வேறு கடை பிரதி எடுத்தால் ஒவ்வொரு பில்லிலும் அடுத்தவர் பெயர் விழும். அதைவிட நல்ல பூட்டு தேவையில்லை.

உரிமம் முடிந்த பின் 30 நாள் நினைவூட்டலோடு ஓடட்டும். பிறகு புது பில் போட மட்டும் விடாதீர்கள். பழைய கணக்கைப் பார்ப்பதும் எக்செலுக்கு எடுப்பதும் எப்போதும் திறந்திருக்கட்டும். கடைக்காரரின் கடன் கணக்கைப் பூட்டி வைத்துக் காசு கேட்டால், மாலைக்குள் அந்த வீதி முழுக்கத் தெரிந்துவிடும். கணினியின் திகதி பின்னுக்குப் போயிருந்தாலும் உடனே திருட்டு என்று எண்ணாதீர்கள். மதர்போர்டில் உள்ள சிறு பற்றரி இறந்தால் திகதி தானாகவே பல வருடம் பின்னுக்குப் போகும். கடைசி பில்லின் திகதியோடு ஒப்பிட்டு, ‘திகதியைச் சரிபாருங்கள்’ என்று கேட்டால் போதும்.

இரண்டாவது கடையில் பிரதி போட்டவரிடம் சண்டை வேண்டாம். இரண்டு கடை நடத்துகிறார், மென்பொருள் பிடித்திருக்கிறது, காசும் இருக்கிறது. ‘இரண்டு கடை ஸ்டொக்கையும் செக்கையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், இரண்டாவது கிளைக்குப் பாதிக் கட்டணம்’ என்று போய்ச் சொல்லுங்கள். உங்களிடம் அடுத்ததாக வாங்கக்கூடியவர் அவர்தான்.

பேஸ்புக்கில் போன 18,000 ரூபாவில் மொத்த வியாபாரிகள் எத்தனை பேர் உங்கள் விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள்? கொழும்பில் உள்ள எல்லோருக்கும் காட்டினால் லைக் வரும், அவ்வளவுதான். புறக்கோட்டை வியாபாரி விளம்பரம் பார்த்து மென்பொருள் வாங்குவதில்லை. தான் நம்பும் ஒருவர் சொல்லி வாங்குகிறார். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு வகை. ஒருவர் கடைகளின் வரிக் கோவையைச் செய்யும் கணக்காளர். ஒரே கணக்காளர் பல கடை பார்ப்பார். மார்ச் 31இல் வரி ஆண்டு முடிந்து கடைகளின் பில் மூட்டையோடு அவர் போராடும் நாட்களில், அவருக்கு வேண்டிய வடிவில் எக்செல் கோப்பு எடுத்துக் காட்டுங்கள். மற்றவர் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் பில் பிரிண்டரும் ஸ்கேனரும் விற்பவர். அவருக்கு முதல் வருடக் கட்டணத்தில் 10 சதவீதம் கொடுங்கள், காசு கைக்கு வந்த அன்றே கொடுங்கள்.

ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று எடுங்கள். அதில் மென்பொருளின் எல்லா வசதியும் வேண்டாம். திரும்பி வந்த செக் ஒன்றைப் பதிந்ததும் இரண்டு கணக்கும் மாறுவதை மட்டும் காட்டுங்கள். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. பில் மேசையில் இருக்கும் பிள்ளை சிங்களம் மட்டும் வாசிப்பவராக இருக்கலாம். ஆகவே மொழியைக் கணினிக்கு ஒன்றாக வைக்காமல் ஆளுக்கு ஒன்றாக மாற்ற விடுங்கள். கடைக்குப் போனால் வாடிக்கையாளர் நிற்கும்போது பேசாதீர்கள். வெள்ளி பகல் ஜும்மா நேரத்தைத் தவிருங்கள். 30 நாள் இலவசமாகப் பார்க்கக் கொடுத்தால், அது அந்தக் கடையின் உண்மையான செக்குகளோடு இருக்க வேண்டும். அவர் கையிலுள்ள செக்குகளை நீங்களே உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். மாதிரித் தரவைப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை.

இன்னொரு கடையிடம் காசு வாங்குமுன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே. உங்களுடையது வேலைக்கு வெளியே செய்தது என்றாலும் அதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது: மென்பொருளின் பெயர், சொந்தக் கணினி, வேலை நேரத்துக்கு வெளியே என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். கம்பனி லப்டொப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தால் இப்போதைக்குப் போதும். தனியார் கம்பனி பிறகு பார்க்கலாம். வாடிக்கையாளர்களின் பெயரும் கடனும் உங்கள் பிரதிகளில் இருப்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் தொடும். கடையின் தரவை உங்கள் வீட்டுக் கணினியில் வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டொரொன்டோ இப்போது வேண்டாம். அங்கே ஒன்டாரியோவின் 13 சதவீத வரி, கார்ட் இயந்திரத்தோடு நேரே இணைவது, நம் இரவில் வரும் அவர்களுடைய பகல் போன் எல்லாம் சேர்ந்து உங்கள் நிமிடக் கணக்கை உடைத்துவிடும். பின்திகதியிட்ட செக்குக்காக நீங்கள் செய்தது அங்கே உதவாது.

ஆனால் டொலருக்கு விற்கக்கூடிய ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதிய அந்தப் பிரிண்டர் பகுதி. சாதாரண பில் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துகளைச் சரியாகக் கோத்து, 80 மில்லிமீற்றர் தாளுக்கு 576 புள்ளி, 58 மில்லிமீற்றருக்கு 384 புள்ளி அகலத்தில் படமாக்கி அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சிங்களம், மலையாளம், கெமர், பர்மியம் ஆகியவற்றில் பில் அடிக்க முயலும் ஒவ்வொரு நிரலாளரும் இதே இடத்தில்தான் முட்டுகிறார். அதைத் தனி நூலகமாக்கி, நிரலாளர்களுக்கு விற்கலாம். நீளமான படத்தை ஒரேயடியாக அனுப்பினால் மலிவு பிரிண்டர்கள் நடுவில் குப்பை எழுத்து அடிக்கும். துண்டு துண்டாக அனுப்பும் வழியையும் அதில் சேருங்கள். வாங்குகிறவரும் நிரலாளர் என்பதால் போன் வராது, மின்னஞ்சல்தான் வரும்.

இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப், இலங்கையில் பதிந்த தொழிலுக்குக் கணக்குத் திறப்பதில்லை. ஆகவே பெடல் போன்ற, தானே விற்பனையாளராக நின்று அந்தந்த நாட்டு வரியையும் கட்டிவிடும் சேவையைப் பாருங்கள். அது விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும் எடுக்கும். 5 டொலருக்கு விற்றால் 75 சென்ட், அதாவது 15 சதவீதம் போய்விடும். 49 டொலருக்கு விற்றால் 3 டொலருக்குக் கீழே. மலிவாக விற்காதீர்கள். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இங்கே வரி உண்டு, உச்ச வீதம் 15 சதவீதம். வரும் தொகையை வங்கி வழியாகவே எடுத்து, பற்றுச்சீட்டுகளைக் கோவையில் வையுங்கள்.

வேலையை விடுவது பற்றி. வருடம் 48,000 ரூபா கட்டும் 45 கடை இருந்தால் மாதம் 180,000 ரூபா வரும். கம்பனி உங்களுக்காகக் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதமும் நின்றுவிடுவதால், 52 கடை என்று வையுங்கள். கடைக்கு வாரம் ஒரு மணித்தியாலம் போகும் இன்றைய நிலையில் 52 கடை என்றால் வாரம் 52 மணித்தியாலம் போனிலேயே போகும். நிரல் எழுத நேரமே இல்லை. 20 நிமிடம் என்றால் 17 மணித்தியாலத்துக்குச் சற்று மேல், அது முடியும். எனவே 52 கடையும் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். கடை எண்ணிக்கை 20ஐத் தொட்டு, கொப்பியில் சராசரி 20 நிமிடத்துக்குக் கீழே வந்து, உறவினர் அல்லாத ஐந்து பேராவது இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கேட்காமலே கட்டியிருந்தால், அப்போது ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள்.

அதுவரைக்கும் மூன்று கடைக்காரரிடமும் போன் நேரம் மாலை 6 முதல் 8 வரை என்று சொல்லிவையுங்கள். பில் போட முடியாமல் கடையே நின்றால் மட்டும் எந்த நேரமும் எடுக்கலாம். அந்த அழைப்பு வந்தால் வேலை இடத்திலிருந்தாலும் எடுங்கள், அன்றிரவே கொப்பியில் சிவப்பு மையில் எழுதுங்கள்.